இரண்டு முறை போன ஃபோர்டு, மூன்றாம் முறை வருகிறது

ஃபோர்டு கம்பெனி இதுவரை இரண்டு முறை இந்தியாவுக்கு வந்திருக்கிறது. இரண்டு முறையும் மூட்டை கட்டியிருக்கிறது. முதல் முறை 1926-ல் வந்து 1950களில் போனது. இரண்டாம் முறை 1995-ல் வந்து 2022-ல் கடைசி காரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியது. இப்போது மூன்றாவது முறை. 2025 அக்டோபர் 31 அன்று தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. மறைமலை நகரில் இருக்கும் பழைய ஆலையில் 3,250 கோடி ரூபாய் போட்டு என்ஜின் தயாரிக்கப் போகிறதாம்.

செய்தி வந்த அன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவே அல்லோலகல்லோலப்பட்டது. பழைய ஈகோஸ்போர்ட் படத்தை ஒருவர் போட, இன்னொருவர் கைகூப்ப, ஓசூரில் வேலை பார்க்கும் சித்தப்பா பையன் மட்டும் ஒரு வரி எழுதினான்: "யாருக்கு வேலை கிடைக்கும்னு போட்டிருக்காங்களா?"

நல்ல கேள்வி. அதற்குத்தான் இந்த வாரப் பத்தி.

மறைமலை நகர் எங்கே, நாட்றாம்பாளையம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அஞ்செட்டியைத் தாண்டி ஒகேனக்கல் போகிற காட்டுப் பாதையில் இருக்கிற ஊர் எங்களுடையது. ராகியும் கொள்ளும் விளையும். யானை இறங்கிவிட்டால் அதுவும் வீடு வந்து சேராது. அதனால் படிப்பை முடித்த பிள்ளைகள் தேன்கனிக்கோட்டை பஸ் ஏறி ஓசூருக்குப் போய்விடுகிறார்கள். "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால், "கம்பெனிக்குப் போறான்" என்பதுதான் இங்கே பதில். எந்தக் கம்பெனி என்று யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. டிவிஎஸ்ஸாக இருக்கலாம், அசோக் லேலண்டாக இருக்கலாம். பெரும்பாலும் அவர்களுக்கோ வேறு யாருக்கோ போல்ட்டோ பிராக்கெட்டோ செய்து தருகிற, பெயர்ப் பலகைகூடச் சரியாகத் தெரியாத ஒரு பட்டறையாக இருக்கும். அந்த 'வேறு யாரோ' ஒரு நாள் கணக்கைப் பார்த்துவிட்டு "போதும்" என்று சொன்னால் என்ன ஆகும்? ஃபோர்டின் கதையில் அதற்குப் பதில் இருக்கிறது.

கதை டெட்ராய்ட்டில் 1903-ல் தொடங்குகிறது. ஹென்றி ஃபோர்டு கம்பெனியை ஆரம்பித்து, 1908-ல் 'மாடல் டி' என்ற காரை விட்டார். பணக்காரர்களின் பொம்மையாக இருந்த காரை விவசாயியும் வாங்கும்படி செய்தது அது. 1913-ல் ஓடும் அசெம்பிளி லைன் வந்தது. ஆள் வண்டியைத் தேடிப் போவதற்குப் பதிலாக, வண்டி ஆளைத் தேடி வரும். ஒரு சேஸிஸைச் சேர்க்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது போய், 93 நிமிடத்தில் முடிந்தது.

ஆனால் அந்த லைனில் நிற்க ஆள் நிற்கவில்லை! நாள் முழுக்க ஒரே நட்டை முடுக்கிக்கொண்டிருக்க யாருக்குப் பிடிக்கும்? அந்த ஒரு வருடத்தில் 14,000 பேரைத் தக்கவைக்க 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான், 1914 ஜனவரியில், தினக்கூலியை 5 டாலராக ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார் ஹென்றி ஃபோர்டு. தொழிலாளி மேல் இருந்த பாசத்தால் செய்தார் என்று தன்னம்பிக்கைப் புத்தகங்கள் எழுதும். ஆள் ஓடிப்போகிற செலவைவிடச் சம்பளம் உயர்த்துகிற செலவு குறைவு என்பதும் அந்த முடிவில் இருந்தது. ஓசூரில் மாதாமாதம் கான்ட்ராக்ட் ஆள் மாறிக்கொண்டே இருக்கிற லைன்களைப் பார்க்கும்போது, இந்தக் கணக்கை நம் ஆட்கள் இன்னும் போட்டுப் பார்க்கவில்லையோ என்று எனக்குத் தோன்றும்.

மாடல் டி மொத்தம் ஒன்றரைக் கோடி விற்றது. விற்றுக்கொண்டே இருந்ததால் அதை மாற்றவும் அவருக்கு மனம் வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் விதவிதமான கார்களோடு முந்திக்கொண்டு போன பிறகு, 1927-ல் ஆலையை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுப் புதிய 'மாடல் ஏ'வுக்கு மாறினார். ஜெயித்த காரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற இந்தப் பழக்கம் ஃபோர்டை விட்டுப் போகவே இல்லை. பின்னால் நம் ஊரிலும் அதுதான் நடந்தது.

இதே காலத்தில்தான், 1926-ல், ஃபோர்டின் கனடா கிளை வழியாக இந்தியாவில் கம்பெனி பதிவானது. பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்று துறைமுக நகரங்களில் வைத்து, பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி காராக்கி விற்றார்கள். சுதந்திரத்துக்குப் பின் அரசு ஒரு நிபந்தனை வைத்தது. வெறுமனே பூட்டி விற்பது போதாது, பாகங்களையும் இங்கேயே செய்கிற திட்டம் இருந்தால் இரு, இல்லையென்றால் கிளம்பு. 1953-ல் வந்த அந்தக் கொள்கையோடு ஃபோர்டும் போனது, ஜெனரல் மோட்டார்ஸும் போனது. அடுத்த நாற்பது வருடம் அம்பாசடரும் ஃபியட்டும்தான் நம் சாலைகளில் கார் என்றால் கார்.

1991-க்குப் பிறகு கதவு திறந்தது. 1995-ல் மஹிந்திராவோடு பாதிக்குப் பாதி கூட்டு சேர்ந்து ஃபோர்டு மறுபடி வந்தது. நாசிக்கில் 'எஸ்கார்ட்' கார் செய்தார்கள். பெரிய ஆலையை எங்கே வைப்பது என்பதில் மகாராஷ்டிரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் போட்டி. மறைமலை நகர் ஜெயித்தது. 1998-ல் மஹிந்திராவின் பங்கைக் குறைத்துத் தன் கைக்குக் கொண்டுவந்து, 1999-ல் 'ஐகான்' காரை இங்கிருந்து விட்டது. 'ஜோஷ் மெஷின்' விளம்பரம் நினைவிருக்கிறவர்கள் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பீர்கள்.

சென்னையைச் சுற்றி கார் தொழில் என்று இன்று நாம் பெருமை பேசுகிறோமே, அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஃபோர்டு ஒன்று. அதை மறுக்க முடியாது. ஆனால் ஏறக்குறைய அதே சமயம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் இறங்கியது. அவர்கள் 1998-ல் சான்ட்ரோவை 2.99 லட்சத்துக்கு விட்டார்கள். சின்ன கார், உயரமான கூரை, வேட்டி கட்டிய தாத்தாவும் சிரமமில்லாமல் ஏறி இறங்கலாம். ஃபோர்டோ டிக்கி வைத்த பெரிய காரோடு வந்தது. ஓட்டுவதற்கு அருமையான கார்தான். ஆனால் இந்தியக் குடும்பம் முதல் காரை ஓட்டுகிற சுகத்துக்காக வாங்குவதில்லை. ஃபோர்டு முறையான சின்ன கார் ஒன்றை, ஃபிகோவை, விட்டது 2010 மார்ச்சில். வந்து இறங்கிப் பதினைந்து வருடம் கழித்து!

இடையில் அமெரிக்காவில் தாய்க் கம்பெனிக்கே மூச்சு முட்டியது. 2006-ல் மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 30,000 வேலைகளை வெட்டி 14 ஆலைகளை மூடுகிற திட்டத்தை அந்த வருட ஆரம்பத்திலேயே அறிவித்திருந்தார்கள். செப்டம்பரில் போயிங் விமானக் கம்பெனியிலிருந்து ஆலன் முலாலி என்பவரைத் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். கார் தொழிலையே பார்த்திராத மனிதர்.

அவர் வாரம் ஒரு முறை மூத்த அதிகாரிகளைக் கூட்டி, ஒவ்வொருவரும் தங்கள் வேலை எப்படிப் போகிறது என்பதை நிறத்தில் காட்டச் சொன்னார். பச்சை என்றால் சரியாகப் போகிறது, மஞ்சள் என்றால் தடுமாற்றம், சிவப்பு என்றால் சிக்கல். முதல் சில வாரங்கள் எல்லா அட்டையும் பச்சைதான். கம்பெனி கோடிக்கணக்கில் கரைந்துகொண்டிருக்கிறது, காகிதத்தில் மட்டும் பசுமை! பிறகு ஒரு வாரம் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, 'எட்ஜ்' என்ற புது மாடலில் கோளாறு இருக்கிறது என்று ஒரு சிவப்பைக் காட்டினார். அறையே அமைதி. இவருக்கு வேலை போயிற்று என்று மற்றவர்கள் நினைத்தார்களாம். முலாலி கைதட்டினார். யார் இவருக்கு உதவ முடியும் என்று கேட்டார். அதற்கடுத்த வாரங்களில் அட்டைகளில் எல்லா நிறமும் தெரிய ஆரம்பித்தது. மார்க் ஃபீல்ட்ஸ் 2014-ல் முலாலிக்குப் பின் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

பணத்துக்கு என்ன செய்தார்கள்? நம் வீடுகளில் எல்லாம் போன பிறகு கடைசியாக அடகுக் கடைக்குப் போவது தாலிக்கொடி. ஃபோர்டு அதைத்தான் செய்தது. ஆலைகளோடு சேர்த்து, அந்த நீல நிற முட்டை வடிவச் சின்னத்தையே அடகு வைத்து 2,360 கோடி டாலர் கடன் புரட்டியது. கையில் இருந்த நகைகளையும் விற்றது. ஆஸ்டன் மார்ட்டின் போனது. 2008-ல் ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 230 கோடி டாலருக்கு டாடாவிடம் வந்தன. பிறகு வால்வோ சீனக் கம்பெனிக்குப் போனது. 2008-ல் உலகமே நெருக்கடியில் விழுந்தபோது ஃபோர்டுக்கு 1,400 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஆனால் முன்கூட்டியே வாங்கி வைத்த கடன் கைகொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் 2009-ல் திவாலாகி அரசுப் பணத்தில் பிழைத்தன. ஃபோர்டு அந்த மீட்புப் பணத்தைத் தொடவில்லை. (எரிபொருள் சிக்கன வண்டிகளுக்கென்று அரசிடம் 590 கோடி டாலர் கடன் வாங்கியது வேறு கதை, அதை ரசிகர்கள் சொல்வதில்லை.) 2009-லேயே 270 கோடி டாலர் லாபம். 2012 மே மாதம் அடகு வைத்த சின்னம் மீண்டது.

நிர்வாகக் கல்லூரிகளில் பாடமாகச் சொல்கிற கதை இது. சொல்லலாம், தகும். ஆனால் அந்த 30,000 பேர் இந்தக் கதையில் ஒரு வரியாகத்தான் வருகிறார்கள். டெட்ராய்ட்டில் சிவப்பு அட்டை காட்டக் கற்றுக்கொண்ட கம்பெனி, இந்தியா விஷயத்தில் ரொம்ப நாள் பச்சையே பார்த்துக்கொண்டிருந்ததோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம்.

ஏனென்றால் 2013-ல் ஈகோஸ்போர்ட் வந்தபோது எல்லாமே பச்சையாகத்தான் தெரிந்தது. நான்கு மீட்டருக்குள் ஒரு எஸ்யூவி, 5.59 லட்சத்தில் ஆரம்ப விலை. புக் செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று தெருவுக்கு நான்கு நிற்கிறதே, அந்தக் குட்டி எஸ்யூவி வகைக்கே வழி காட்டியது அதுதான். அந்தத் தெம்பில் குஜராத்தின் சானந்தில் 100 கோடி டாலர் போட்டு இன்னொரு ஆலையை 2015-ல் திறந்தார்கள். அடுத்த வருடமே மாருதி பிரெஸ்ஸா வந்தது. 2019-ல் ஹூண்டாய் வென்யூ. ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டில் அங்கே இங்கே ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தது. மாடல் டி கதைதான், மறுபடியும்.

இரண்டு ஆலைகளிலும் சேர்த்து வருடத்துக்கு 4.4 லட்சம் கார் செய்யும் வசதி. இந்தியச் சந்தையில் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே. நூறு பேர் சாப்பிடுகிற பந்தியைப் போட்டுவிட்டு இருபது பேருக்குப் பரிமாறினால் எத்தனை நாள் தாங்கும்? ஏற்றுமதி கொஞ்சம் தாங்கிப் பிடித்தது. 2018-லிருந்து அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட் எல்லாம் மறைமலை நகரில் செய்தவைதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபோர்டின் சொந்த ஊருக்கே ஃபோர்டு கார் அனுப்பினார்கள் நம் பிள்ளைகள். மஹிந்திராவோடு மறுபடியும் கூட்டு சேர 2019-ல் ஒப்பந்தம் போட்டு, 2020-ன் கடைசி நாளில் அதையும் கைவிட்டார்கள்.

2021 செப்டம்பர் 9. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இனி இந்தியாவில் கார் செய்ய மாட்டோம் என்று அறிவிப்பு வந்தது. சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனியே சொன்னது. அது நேரடி ஊழியர்களின் கணக்கு. சீட் உறை தைத்தவர், பெயின்ட் டிரம் ஏற்றியவர், கேன்டீனில் சாம்பார் ஊற்றியவர், ஷிப்ட் பஸ் ஓட்டியவர் எல்லாம் இந்த எண்ணிக்கைக்குள் வரமாட்டார்கள்.

நிரந்தர வேலை என்று நம்பி முப்பது வயதில் வீட்டுக் கடன் எடுத்தவர்கள் அங்கே நிறையப் பேர். கடன் இருபது வருடத்துக்கு, வேலை இன்னும் சில மாதத்துக்கு. முதலில் 'வேலை கொடு' என்று கேட்டார்கள். பிறகு செட்டில்மென்ட் தொகையில் பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுத்தது. 2022 மே கடைசியில் லைனை நிறுத்திப் போராடினார்கள். ஏற்றுமதிக்கான கடைசிக் கார்களை முடித்துக் கொடுக்க வேண்டிய நேரம் அது. நாளை மூடப்போகிற ஆலையில் இன்றைக்கு நட்டு முடுக்குகிற மனநிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது.

சானந்த் ஆலையை டாடா சுமார் 726 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2023 ஜனவரியில் கை மாறியபோது அங்கே தகுதியுள்ள ஊழியர்களுக்கும் டாடாவில் வேலை தொடர்ந்தது. மறைமலை நகருக்கு அப்படி ஒரு வாங்குபவர் அமையவில்லை. ஒரே கம்பெனி, ஒரே அறிவிப்பு. குஜராத்தில் இருந்தவருக்கு ஒரு விதி, நம்மூர்க்காரருக்கு வேறு விதி.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபோர்டு முழுவதுமாகப் போகவே இல்லை. கார் தொழிற்சாலையைத்தான் மூடினார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உலகம் முழுக்க உள்ள ஃபோர்டுக்கு டிசைனும் மென்பொருளும் கணக்கும் பார்க்கிற சுமார் 12,000 பேர் அப்படியே இருந்தார்கள். சானந்தில் ஏற்றுமதிக்கான என்ஜின் வேலையும் தொடர்ந்தது. ஓடிய லைன்தான் நின்றது. ஏசி அறை நிற்கவில்லை.

2024 செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அமெரிக்கா போனபோது ஃபோர்டு அதிகாரிகளைச் சந்தித்தார். 13-ம் தேதி, ஏற்றுமதிக்காக ஆலையை மீண்டும் பயன்படுத்த விருப்பம் என்று கம்பெனி கடிதம் கொடுத்தது. (அதே மாதம் 28-ம் தேதி ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடாவின் ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஃபோர்டு பணமுடையில் விற்ற நகை, ஃபோர்டு திரும்பி வருகிற அதே மாநிலத்தில் டாடா கையில் புதுப் பொலிவோடு.) அதற்கடுத்த வருடம்தான் நான் முதலில் சொன்ன ஒப்பந்தம்.

சித்தப்பா பையனின் கேள்விக்கு வருவோம். வருடத்துக்கு 2,35,000 என்ஜின். உற்பத்தி ஆரம்பம் 2029-ல். நேரடி வேலை 600-க்கு மேல். 3,250 கோடியை 600-ஆல் வகுத்தால், ஒரு வேலைக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு. அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஆளுக்கு அல்ல, மெஷினுக்கு. 1999-ல் வந்த ஃபோர்டு ஊருக்கு ஊர் பஸ் அனுப்பி ஆள் ஏற்றிக்கொண்ட ஃபோர்டு. 2029-ல் வரப்போவது ரோபோவைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த சில நூறு பேரைத் தேடுகிற ஃபோர்டு. நம் ஷோரூமில் நிற்கப் போகிற காரும் இதில் இல்லை. 'எண்டேவர் திரும்பி வருது' என்று யூடியூபில் கூவுகிறவர்கள் கூவட்டும்.

அதனால் இந்த வரவு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என்ஜின் என்பது நூற்றுக்கணக்கான பாகங்கள். வார்ப்படம், கடைசல், வால்வு, சீல் என்று ஒவ்வொன்றும் யாரோ செய்து கொடுக்க வேண்டும். துல்லியமாகக் கடைந்து கொடுக்கிற வேலையில் ஓசூர்ப் பட்டறைகளுக்கு நல்ல கை உண்டு. ஆர்டர் வந்தால் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் மொத்தப் பட்டறையையும் ஒரே வாடிக்கையாளர் தோளில் சாய்த்து வைக்கக் கூடாது. 2019-ல் லாரி விற்பனை படுத்தபோது அசோக் லேலண்டே ஓசூரில் 'வேலையில்லா நாட்கள்' அறிவித்தது. அந்த வாரங்களில் சிப்காட் ரோட்டு டீக்கடைகள் எப்படிக் காற்று வாங்கின என்று ஓசூர்க்காரர்களைக் கேளுங்கள்.

எங்கள் ஊரில் பெற்றோர் கேட்கிற கேள்வி இன்னும் நேரானது. 2026-ல் பத்தாவது முடித்துக் கிருஷ்ணகிரி பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ சேர்கிற பிள்ளை வெளியே வருவது 2029-ல். ஃபோர்டு என்ஜின் வெளியே வருவதும் 2029-ல். மெக்கானிக்கல் சேர்க்கலாமா? அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏதர் என்று பிஸ்டனே இல்லாத வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் சொல்வது இதுதான்: மெக்கானிக்கலோ மெக்கட்ரானிக்ஸோ சேருங்கள், ஆனால் சி.என்.சி. மெஷினில் புரோகிராம் போடவும், அளவுக் கருவி பிடித்து மைக்ரான் கணக்கில் பார்க்கவும் அந்த மூன்று வருடத்திலேயே கற்றுக்கொள்ளட்டும். பிஸ்டன் கடைகிறவருக்கும் மோட்டார் ஷாஃப்ட் கடைகிறவருக்கும் அந்தக் கை ஒன்றுதான்.

வேலை கிடைத்த பின் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா? பயிற்சிக் காலம் எத்தனை மாதம், அது முடிந்தால் நிரந்தரமா, இல்லை வெளியேயா? நம் பட்டறையின் பாகம் யாருக்குப் போகிறது, அவர் ஒருவருக்கு மட்டுமா? வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் இந்தப் பதில்கள் கையில் இருக்க வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி. 2022-ல் கடைசி ஈகோஸ்போர்ட்டை வழியனுப்பிய கைகள் இன்னும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம்தான் இருக்கின்றன. சிலர் வேறு கம்பெனியில் குறைந்த சம்பளத்துக்கு, சிலர் வாடகைக் காரின் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு. அந்த ஆலையின் ஒவ்வொரு மூலையும் அவர்களுக்குத் தெரியும். 600 பேரில் அவர்களுக்கு எத்தனை இடம் என்பதை ஆள் எடுக்கும் விளம்பரம் வருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.